காற்று வரும் பக்கம்

நாகலெட்சுமியின் ஊர் திருவாடானைப் பக்கம். பாம்பனுக்கு இங்கிலீஷ் டீச்சராக வந்தபோது அவளுக்குக் கடல் பழக்கமில்லை. பள்ளிப் பிள்ளைகள் அவளோடு பழகிக்கொண்டார்கள். அரையாண்டுத் தேர்வில் யாராவது நல்ல மார்க் வாங்கினால் தாய்மார்கள் அவளைத் தேடி வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த வருகைக்காகவே அவள் வேலை பார்த்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

போன ஜூனில் அதே பள்ளிக்கு இன்னொரு இங்கிலீஷ் டீச்சராக லிண்டா மாறுதலாகி வந்தாள். பாம்பன்காரி, அப்பா யேசுதாஸ் சொந்தமாக மீன்பிடிப் படகு வைத்திருந்தவர். பிள்ளைகள் முதல் வாரத்திலேயே அவள் பின்னால் போய்விட்டார்கள். அந்த வருஷ அரையாண்டுத் தேர்வு முடிந்து எந்தத் தாயும் நாகலெட்சுமியைத் தேடி வரவில்லை.

ஒருநாள் பாடத்தில் 'வெதர்' என்ற சொல் வினையாக வந்தது. வெதர் என்றால் வானிலை, வினையாக வந்தால் சமாளிப்பது, எழுதிக்கொள்ளுங்கள் என்று நாகலெட்சுமி முடித்துவிட்டாள். பக்கத்து வகுப்பறையில் லிண்டாவும் அதே சொல்லில்தான் நின்றாள். நடுவில் இருந்த தட்டித் தடுப்பு வழியாக எல்லாம் கேட்டது. பாய்மரக் காலத்து மாலுமிகள் காற்று வரும் பக்கத்துக்கு வெதர் பக்கம் என்று பெயர் வைத்திருந்தார்களாம். அந்தப் பக்கமாகவே ஒரு நிலமுனையில் மோதாமல் கடந்து போவதற்குத்தான் முதலில் அந்த வினையாம். புயலைத் தாங்கிப் பிழைப்பது, கஷ்டத்தைக் கடந்து வருவது என்ற அர்த்தமெல்லாம் பின்னால் சேர்ந்ததாம். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் வல்லம் என்ற நாட்டுப்படகு எப்படி வரும் என்று லிண்டா கேட்க, வகுப்பே கத்திப் பதில் சொன்னது.

வீட்டுக்குப் போனதும் நாகலெட்சுமி போனில் தேடிப் பார்த்தாள். தப்பாக இருக்க வேண்டும் என்று மனசார விரும்பினாள். சரியாகத்தான் இருந்தது. புருஷன் காளிதாஸிடம் சொன்னபோது அவன், "நல்லாத்தான சொல்லிருக்காங்க" என்றான். அன்றைக்கு அவள் அவனோடு பேசவில்லை.

ராமநாதபுரத்தில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் ஒரு சொல்லைக் கற்பித்துக் காட்டச் சொன்னார்கள். லிண்டா இரண்டாவது வரிசையில் இருப்பது தெரிந்தும் நாகலெட்சுமி எழுந்து போய் வெதரையே எடுத்தாள். மாலுமி, நிலமுனை, கச்சான் எல்லாம் சொன்னாள். கைதட்டினார்கள். அதிகாரி முத்துராமலிங்கம் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"காத்து வர்ற பக்கமாப் போனா அந்தக் காத்தே கப்பலைக் கரையில கொண்டுபோயி மோத விட்டுறாதா? அது எப்படித் தப்பிச்சதாகும்?"

அவளுக்குத் தெரியவில்லை. லிண்டா அந்தப் பகுதியைச் சொன்னபோது தடுப்புக்கு அந்தப்பக்கம் பிள்ளைகளின் சத்தம் அதை விழுங்கியிருந்தது.

லிண்டா உட்கார்ந்தபடியே சொன்னாள். "மோதத்தான் சார் பாக்கும். காத்து கரையைப் பாத்துத்தான் தள்ளும். அதை எதுத்து ஏறி, முனையத் தாண்டுனாத்தான் உசுரு. அதனாலதான் ஜெயிக்கிற அர்த்தம் வந்துச்சு. நாகலெட்சுமி டீச்சர்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க."

மறுபடி கைதட்டினார்கள். நாகலெட்சுமிக்கு முகம் எரிந்தது. சொல்லையும் பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டவள், இப்போது பெருந்தன்மையையும் எடுத்துக்கொண்டாள் என்று தோன்றியது.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் வந்தார்கள். உச்சிப்புளி தாண்டியதும் நாகலெட்சுமி கேட்டாள்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்ல டீச்சர்? நீங்க அங்கன தனியா நின்னீங்க."

"எனக்கு உங்களைப் பாத்தா வயிறு எரியுது லிண்டா."

லிண்டா, "தெரியும். நான் வகுப்புல சத்தமாப் பேசுறதே நீங்க கேக்கணும்னுதான்" என்றாள். "நான் நடத்துறது நல்லா இருக்குனு ஒரு வார்த்தை நீங்க சொல்லவே இல்லையே."

நாகலெட்சுமி அப்போதும் அதைச் சொல்லவில்லை. மறுநாள் முத்துராமலிங்கத்துக்குப் போன் போட்டு, அந்தப் பாடம் லிண்டாவுடையது என்று மட்டும் சொன்னாள். மற்ற பள்ளிகளில் நடத்திக் காட்ட லிண்டாவை அனுப்பினார்கள். அந்த நாட்களில் லிண்டாவின் வகுப்பும் நாகலெட்சுமிக்கு வந்து சேர்ந்தது. உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் லிண்டா மிஸ் எப்போ வருவாங்க என்று கேட்டார்கள்.

"வியாழக்கிழமை" என்று சொல்லிவிட்டு, புத்தகத்தைத் திறந்தாள். பொறாமை அப்படியேதான் இருந்தது.