மாறிப்போன கபாப் தாம்பாளம்

துருக்கியில், உர்ஃபா நகரத்தில் முப்பத்தோரு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டர் பார்த்தவர் போஸான். கால்கள் அவருக்குச் சம்பளம் வாங்கிக் கொடுத்தன. பேர் வாங்கிக் கொடுத்தது நாக்கு. எந்தச் சந்தில் எவன் காலையிலேயே ஈரல் கபாப் போடுகிறான், எவன் ஆட்டு வால்கொழுப்பைக் குறைத்து ஏமாற்றுகிறான், எவன் கறியை மெஷினில் அரைத்துவிட்டுக் கத்தியால் கொத்தினேன் என்று கூசாமல் சத்தியம் பண்ணுகிறான், எல்லாம் அவருக்கு அத்துப்படி. வெளியூரிலிருந்து மேலதிகாரி வந்தாலும் சரி, சம்பந்தி வீட்டார் வந்தாலும் சரி, "போஸான் அண்ணனைக் கேளு" என்பார்கள். அவரும் உடனே சொல்லிவிட மாட்டார். "இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். எந்தக் கடைக்கு எந்தக் கிழமை நல்ல ஆடு வரும் என்பதுவரை அவர் கணக்கில் இருந்தது.

அப்பேர்ப்பட்ட நாக்கு சொந்த வீட்டு வாசற்படி தாண்டினால் ஊமையாகிவிடும். அவர் மனைவி ஃபெஹிமே வெள்ளிக்கிழமைதோறும் கத்திரிக்காயையும் கொத்துக்கறி உருண்டைகளையும் மாற்றி மாற்றித் தாம்பாளத்தில் வட்டமாக அடுக்கி, தெருக்கோடியில் அபுஸரின் ரொட்டிக்கடை அடுப்புக்கு அனுப்புவாள். வெந்து வந்ததும் ரொட்டியில் சுருட்டி அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்காருவாள். போஸான் மென்று விழுங்கிவிட்டு, "ம். பரவாயில்ல" என்பார். சில வெள்ளிக்கிழமை அதுவும் கிடையாது. "கடையில போடுறது வேற மாதிரி" என்று எழுந்து போய்க் கை கழுவுவார். இப்படிப்பட்ட ஆண்பிள்ளைகளுக்கு உர்ஃபாவில் பஞ்சமில்லை. வேறு ஊரில் இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

இருபத்தெட்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை அந்த வாய் திறந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால், ஒரு நோன்பு நாள். பொழுது சாய்ந்ததைச் சொல்லும் கோட்டைப் பீரங்கி வெடித்து, நோன்பு திறந்து, முதல் கவளத்தை மென்றவர் அப்படியே நிறுத்திவிட்டார். "ஃபெஹிமே, இதுதான் கபாப். இந்த ஊர்லயே இதுக்கு ஈடு கிடையாது" என்றார். மறுநாள் காலை வேலைக்குப் போன இடமெல்லாம் இதே பேச்சு. "ஊர்லயே நல்ல கபாப் எங்கே கிடைக்கும்னு கேட்டீங்களே, என் வீட்டுல" என்று கடைக்காரர்களிடமே பீற்றிக்கொண்டார். அவர்களும், "அப்ப எங்களை எப்ப விருந்துக்குக் கூப்பிடுறே? இல்ல, மீட்டர் மட்டும்தான் பாப்பியா?" என்று ஒரு மாதம் அவரை வைத்துக் கேலி பண்ணினார்கள்.

இப்போது ஃபெஹிமே படுக்கையில் கிடந்தாள். குடலில் கட்டி. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், பத்து நாள் தாண்டினால் பெரிது என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். செய்தி பரவியதும் உறவும் தெருவும் வரத் தொடங்கின. போகிறவர் கழுத்தில் யாருடைய பாக்கியும் இருக்கக் கூடாது. தெரிந்தோ தெரியாமலோ ஒருவர் பொருளை அனுபவித்திருந்தால், மனசைப் புண்படுத்தியிருந்தால், உயிர் இருக்கும்போதே அவர் வாயால் ஹலால், மனசார விட்டுக்கொடுத்தேன் என்று சொல்ல வைத்துவிட வேண்டும். ஃபெஹிமேயும் நாத்தனாரிடம் வாங்கினாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் வாங்கினாள், முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மோதிர விஷயமாகச் சண்டை போட்ட சித்தி மகளைக்கூட வரவழைத்து வாங்கினாள். அவர்கள் கேட்டபோது தானும் கொடுத்தாள்.

அன்று மத்தியானம் எல்லோரும் போன பிறகு கணவரைக் கூப்பிட்டாள்.

"குலிஸார் அப்பா, கதவைச் சாத்திட்டு இப்படி உக்காருங்க."

"என்ன, வலிக்குதா? மாத்திரை தரட்டுமா?"

"வலி கிடக்கட்டும். இன்னும் ஒருத்தர்கிட்ட ஹலால் வாங்கணும். யாருன்னுதான் தெரியல."

"யாருன்னு தெரியாம எப்படி?"

ஃபெஹிமே கூரையைப் பார்த்தபடி சொன்னாள். "அந்த நோன்புல ஒரு கபாப் சாப்பிட்டுட்டு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சீங்களே. அது நான் செஞ்சதில்ல."

போஸானுக்குச் சட்டென்று புரியவில்லை.

"ரொட்டிக்கடையில ஒரே கூட்டம். குலிஸார் போய்த் தாம்பாளத்தை வாங்கிட்டு ஓடி வந்தா. திறந்ததுமே நம்மது இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. கத்திரிக்காய் வெட்டின விதமே வேற. அதுக்குள்ள பீரங்கி வெடிச்சிடுச்சு. நீங்க பேரீச்சம்பழத்தை வாயில போட்டுட்டுக் கையை நீட்டிட்டீங்க. சாப்பிடட்டும், நாளைக்கு அந்த வீட்டைத் தேடிப்பிடிச்சுச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். நீங்க அந்த வார்த்தையைச் சொல்லிட்டீங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

"தாம்பாளம்?"

"அலமாரி மேல இருக்கு. திருப்பிக் குடுத்தா அபுஸர் உங்ககிட்ட சொல்லிச் சிரிப்பான்னு மறைச்சு வெச்சுட்டேன். அவங்க சாப்பாட்டைத் தின்னேன், பாத்திரத்தை எடுத்துக்கிட்டேன், அவங்களுக்கு வர வேண்டிய பேரையும் நானே வாங்கிக்கிட்டேன். இதையெல்லாம் சுமந்துக்கிட்டுப் போக முடியாது. நான் கண்ணை மூடறதுக்குள்ள கண்டுபிடிங்க."

உள்ளதைச் சொல்ல வேண்டும்: போஸானுக்கு முதலில் வந்தது கோபம். ஊர் முழுக்கத் தன்னை முட்டாளாக்கிவிட்டாளே என்று காது சிவந்தது. நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். போர்வைக்கு மேலே கிடந்த அவள் கையைப் பார்த்தார். மணிக்கட்டில் வளையல் நிற்காமல் முழங்கை வரைக்கும் ஏறிக் கிடந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை. அதற்குப் பதிலாக வந்த வெட்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

முக்காலி போட்டு ஏறித் தாம்பாளத்தை எடுத்தார். துணியில் சுற்றி, தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தாள். விளிம்பில் ஒரு ஓட்டை போட்டுச் சின்னக் கம்பி வளையம் மாட்டியிருந்தது.

அபுஸர் அடுப்பு வாயில் மரத்துடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர், அவரைக் கண்டதும் வழக்கப்படி ஆரம்பித்தார். "வாங்கண்ணே. என்ன, ஊர்ல கபாப் கடையெல்லாம் மூடிட்டாங்களா, என் ரொட்டியைக் குறை சொல்ல வந்திருக்கீங்க?"

போஸான் தாம்பாளத்தை நீட்டினார். விஷயத்தைச் சொல்லச் சொல்ல அபுஸரின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. கம்பி வளையத்தைத் தடவிப் பார்த்தார்.

"இது ஹனிஃபே தாம்பாளம். தையல்காரர் சம்சாரம். அடையாளத்துக்குன்னு அவங்கதான் இப்படிக் கம்பி மாட்டுவாங்க. அடேயப்பா, இதுக்காக ஒரு வாரம் என்னைக் கிழிகிழின்னு கிழிச்சாங்க. நான் எத்தனை வீட்டுலன்னு போய்க் கேப்பேன்?"

"எங்கே இருக்காங்க இப்ப?"

"வடக்குப் பக்கம் புதுக் குடியிருப்புக்குப் போய்ட்டாங்க. எந்தக் கட்டடம்னு தெரியாது. அங்கே எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். தெரிஞ்சு செஞ்ச தப்பில்லண்ணே. அக்காகிட்ட சொல்லுங்க, எனக்கும் ஹலால் பண்ணச் சொல்லுங்க."

இரண்டு நாள் போஸான் அந்தக் குடியிருப்பில் படியேறினார். அறுபத்திரண்டு வயது, வலது முட்டியில் தேய்மானம். ஒவ்வொரு கதவாகத் தட்டி, "தையல்காரர் வீடா?" என்று கேட்டார். அவர் கையில் இருந்த தாம்பாளத்தைப் பார்த்துவிட்டு, விற்க வந்த ஆள் என்று ஒருத்தி கதவைச் சாத்தினாள். முதல் நாள் வீடு கிடைக்காமல் திரும்பியபோது ஃபெஹிமே அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மகள் குலிஸார் வாசலில் வைத்து, "அம்மாவுக்கு இன்னிக்குத் தண்ணிகூட இறங்கலப்பா" என்றாள். அன்றைக்கு அவரும் சாப்பிடவில்லை.

மறுநாள் பதினோராவது கட்டடம், மூன்றாவது மாடி. கதவைத் திறந்த பெண் அவரைப் பார்க்கவே இல்லை.

"இது என் தாம்பாளமாச்சே" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

போஸான் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மனைவி படுத்திருப்பதையும் சொன்னார். ஹனிஃபே அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, மோர் கொண்டுவந்து வைத்தாள்.

"ஹலால் அண்ணே. தாய்ப்பால் மாதிரி ஹலாலா இருக்கட்டும். நிம்மதியா இருக்கச் சொல்லுங்க. ஆனா உங்க வீட்டுத் தாம்பாளத்தை நாங்களும் தின்னோமே. எங்களுக்கு யார் ஹலால் பண்றது?"

"அவ பண்ணிடுவா."

"அவங்க தாம்பாளம் உள்ளேதான் இருக்கு. இதோ எடுத்துத் தரேன்." சமையலறைக்குப் போனவள் அங்கிருந்தே பேசினாள். "உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. அன்னிக்கு எங்க வீட்டுக்காரர் அதைத் தின்னுட்டு, 'இன்னிக்குத்தான் நீ சமைச்சிருக்கே'ன்னார். எனக்கு அடிச்ச மாதிரி இருந்துது. மாறிப்போச்சுன்னு அப்பவே சொல்லிட்டேன். என்ன பிரயோஜனம்? ஏழு வருஷமா, எதை வெச்சாலும், 'அந்த நோன்பு கபாப் மாதிரி வரலியே'ன்னுதான் பேச்சு. நானும் என்னென்னமோ போட்டுப் பாத்துட்டேன்."

பழைய தாம்பாளத்தை அவர் மடியில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணே, உங்க வீட்டம்மா அதுல என்ன போடுவாங்க?"

ஊரில் எந்தக் கடைக்காரன் எந்த மிளகாய்த்தூள் போடுகிறான் என்று மோப்பத்திலேயே சொல்லுகிற போஸான் மடியில் இருந்த தாம்பாளத்தைப் பார்த்தார். கறியும் கத்திரிக்காயும் தவிர அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. இருபத்தெட்டு வருஷம் அவர் கேட்டதே இல்லை.

"கேட்டுச் சொல்றேம்மா" என்று எழுந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது ஃபெஹிமே விழித்திருந்தாள். ஹலால் கிடைத்தது என்று சொன்னதும் கண்ணை மூடி நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். பிறகு, "நம்ம தாம்பாளத்தைப் பத்தி அவங்க ஒண்ணும் சொல்லலியா?" என்றாள்.

போஸான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். தையல்காரர் சொன்ன வார்த்தையைச் சொன்னபோது அவள் முகம் அவர் பக்கம் திரும்பியது.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார்.

"குலிஸாரைக் கூப்பிடுங்க. அவ முன்னாடி சொல்லுங்க."

மகள் முன்னால் மூன்றாவது தடவையாகச் சொன்னார். ஃபெஹிமே சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. குலிஸார் துடைத்துவிட்டு வெளியே போய் அழுதாள்.

"அதுல என்ன போடுவே?" என்று போஸான் கேட்டார்.

"மாதுளம்பழச் சாறு காய்ச்சி ஒரு கரண்டி. எங்க அம்மா ஊர் வழக்கம். யாரோ ஒரு தையல்காரருக்குத் தெரிஞ்சிருக்கு."

"எனக்கும் பிடிக்கும், ஃபெஹிமே. எப்பவுமே நல்லாத்தான் இருந்துது."

"போற காலத்துல சொல்றீங்க."

"இல்ல, சத்தியமா."

"சரி" என்றாள், காய்ச்சல்காரக் குழந்தையைச் சமாதானம் பண்ணுகிற குரலில்.

போஸான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "எனக்கும் ஹலால் பண்ணிடு."

"எதுக்கு?"

"ஒரு வார்த்தை சொல்லாம விட்டதுக்கு."

ஃபெஹிமே யோசித்தாள். கோபமாக இருந்ததாகத் தெரியவில்லை, அலுத்துப்போயிருந்தாள். "மத்த எல்லாத்துக்கும் ஹலால். கத்தினதுக்கு, எங்க அம்மா வீட்டுக்கு அனுப்பாததுக்கு, எல்லாத்துக்கும். இது மட்டும் கொஞ்சம் இருக்கட்டும். சும்மா வாயால சொல்லக் கூடாது பாருங்க. மனசு வரணும். நாளைக்குச் சொல்றேன்."

"சரி, நாளைக்குச் சொல்லு" என்றார் போஸான்.

மறுநாள் காலை அவள் நினைவு தப்பிக் கிடந்தாள். போஸான் கையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து அவள் வாயருகே காதை வைத்துக்கொண்டு, இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். வெறும் மூச்சுதான் வந்தது. வியாழக்கிழமை மத்தியானம் அதுவும் நின்றது.

பள்ளிவாசல் முற்றத்தில் கல்மேடையில் அவள் உடல் இருந்த சந்தூக்கை வைத்தார்கள். அபுஸர் வந்திருந்தார், தையல்காரர் வந்திருந்தார், ஈரல் கடைக்காரர்கள் ஏப்ரனைக் கழற்றாமலே வந்து நின்றார்கள். இமாம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, இந்தப் பெண்ணின் மேல் உங்களுக்குள்ள பாத்தியதையை ஹலால் பண்ணினீர்களா என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் எல்லோரும், "ஹலால் பண்ணினோம்" என்றார்கள். போஸானும் சொன்னார்.

இமாம் தொழுகைக்குத் திரும்பப் போகும்போது போஸான் வரிசையை விட்டு முன்னால் வந்து அவர் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவகிட்டயும் ஒரு தடவை கேளுங்களேன்" என்றார்.

இமாம் அவர் கையை மெதுவாக எடுத்துவிட்டு, "வரிசையில நில்லுங்க அண்ணே" என்று சொல்லித் தொழுகையைத் தொடங்கினார்.