பேசினால் கண்ணை மூடும் பெட்டி

கலீல் மேற்குத் தாம்பரத்தில் ரேடியோ பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர். 1982இல் மீனம்பாக்கத்து ஃப்ளையிங் கிளப் ஒன்றில் ஹெட்போனைச் சரிசெய்யப் போய், அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். தானே புத்தகம் வாங்கிப் படித்து, விமான ரேடியோ லைசென்ஸ் தேர்வில் மூன்றாவது முறை தேறினார்.

1995இல் கிளப்பின் நான்கு இருக்கை விமானத்துக்கு ஜி.பி.எஸ். பொருத்த முடிவானது. விமானம் எங்கே இருக்கிறது, போகவேண்டிய ஊர் எந்தத் திசையில் எவ்வளவு தூரம் என்பதைச் செயற்கைக்கோள்களைக் கொண்டு கணக்கிட்டுச் சொல்லும் பெட்டி அது. செயலாளர் ஏகநாதன் அந்த வேலையைப் பம்பாய் கம்பெனி ஒன்றிடம் கொடுக்க நினைத்தார். கலீல் தானே செய்வதாகச் சொன்னார்.

"செய்யுங்க. சரியா வரலைன்னா இனிமே கிளப்போட ரேடியோ வேலை மொத்தமும் பம்பாய்க்குத்தான்," என்றார் ஏகநாதன்.

பார்த்துத் தேர்ந்தெடுக்க இரண்டு பெட்டிகள் வந்தன. ஒன்று வரைபடம் காட்டும். மற்றதில் பெரிய எண்கள் மட்டும். கிளப்பில் எல்லோருக்கும் வரைபடத்தின்மேல்தான் ஆசை. கலீல் இரண்டையும் ஸ்கூட்டர் பேட்டரியில் இணைத்து, ஒயர் கூடையில் வைத்து, மனைவி சபீஹாவின் மடியில் கொடுத்தார். உச்சி வெயிலில் ஜி.எஸ்.டி. ரோட்டில் கிளம்பினார்கள்.

"இன்னா தெரியுது சபீஹா?"

"படம் போடற பொட்டியில என் மூஞ்சிதாங்க தெரியுது. இன்னொண்ணுல வண்டலூர் ரெண்டு புள்ளி நாலுன்னு பளிச்சுனு கீது."

"வளைவுல மாறுதான்னு பாரு."

"புலி இருக்கற ஊருக்கு வழி கேக்க ஒரு பொட்டியா? பஸ் கண்டக்டரைக் கேட்டா சொல்லமாட்டாரா?"

வெயிலிலும் தெரிந்த எண் காட்டும் பெட்டியே தேர்வானது.

அதன் ஆன்டெனாவுக்கு விமானத்தின் கூரையில் துளை போடவேண்டும். கலீல் அதை முதலில் டேப்பால் ஒட்டி, ஒவ்வோர் இடத்திலும் அரைமணி நேரம் பெட்டியைக் கவனித்தார். பேசும் ரேடியோவின் ஆன்டெனாவுக்குப் பக்கத்தில்தான் செயற்கைக்கோள்கள் நன்றாகக் கிடைத்தன. மெக்கானிக் தேவானந்தம் அங்கே துளை போட்டார்.

தரையில் நிற்கும் விமானத்தில், விமான நிலையக் கட்டுப்பாட்டு நிலையமான டவரின் அனுமதி இல்லாமல் யாரும் மைக் பொத்தானை அழுத்துவதில்லை. கலீல் அதில் ரொம்பக் கண்டிப்பு. அதனால் சோதனை முழுவதும் ரேடியோவைப் பேசவிடாமலே நடந்தது.

செவ்வாய்க்கிழமை வெள்ளோட்டம். விமானி ராஜகோபாலன், காலையில் என்ன டிபன் என்பது வரை டவரிடம் சொல்லக்கூடியவர். அவர் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் பெட்டியில் எண்கள் மறைந்து வெறும் கோடுகள் வந்தன.

"பாய், நான் வாயைத் திறந்தா உங்க பெட்டி கண்ணை மூடிக்குது!"

"நீங்க பேசாம வந்தா வழி தெரியுது சார்."

"இதைத்தான் என் சம்சாரம் இருபது வருஷமா சொல்றா."

கீழே இறங்கியதும் கலீலுக்குக் காரணம் விளங்கிவிட்டது. ரேடியோ பேசும்போது அதன் அலை பக்கத்து ஆன்டெனாவை அமுக்குகிறது. வியாழக்கிழமை பெட்டியைச் சோதித்து ஒப்புதல் தர, அரசு விமானத் துறை இன்ஸ்பெக்டர் வருகிறார்.

"அன்னிக்குப் பத்து நிமிஷம் நான் வாயைத் திறக்கலை. யாருக்கும் தெரியாது," என்றார் ராஜகோபாலன்.

"நீ பத்து நிமிசம் கம்முனு இருந்தாலே அவருக்கு டவுட் வந்துடும் சார்," என்றார் தேவானந்தம்.

கலீலும் சிரித்தார், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. "மேகமூட்டத்துல மாட்டிக்கிட்டவன்தான் சார் டவரையும் கூப்பிடுவான். அந்த நேரத்துல இது கோடு காட்டினா?"

நேராக ஏகநாதனிடம் போனார். "துளை போட்ட இடம் தப்பு சார். தப்பு என்னுது."

"பம்பாய்க்குக் கடிதம் டைப் அடிச்சாச்சு," என்றார் அவர். "வியாழக்கிழமை சாயங்காலம்தான் கையெழுத்து."

புதன்கிழமை டவரிடம் அனுமதி வாங்கி, ஆன்டெனாவைச் சாண் சாணாகப் பின்னுக்கு நகர்த்தி ஒட்டினார்கள். ராஜகோபாலன் ஒவ்வோர் அலைவரிசையிலும் சந்தோஷமாகப் பேசித் தீர்த்தார். மூன்றரை அடி தள்ளியதும் எண்கள் அசையாமல் நின்றன. தேவானந்தம் அங்கே புதுத் துளை போட்டு, பழைய துளையை மூட அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்தார். நடந்ததை ஒளிக்காமல் கலீல் விமானத்தின் பதிவேடான லாக் புக்கில் எழுதினார்.

மறுநாள் இன்ஸ்பெக்டருடன் மகாபலிபுரம் வரை போய்வந்தார்கள். ராஜகோபாலன் பேச்சை நிறுத்தவில்லை; பெட்டியும் எண்களை விடவில்லை. இறங்கியதும் இன்ஸ்பெக்டர் தகட்டைத் தொட்டுப் பார்த்து, லாக் புக்கைப் படித்து, அளவு நாடாவால் இரண்டு ஆன்டெனாக்களுக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

ஏகநாதன் பம்பாய்க் கடிதத்தைக் கிழித்துவிட்டு வந்தார். "அடுத்த விமானத்துக்கும் ஒரு பெட்டி வாங்கிடலாம் கலீல். எப்ப ஆரம்பிக்கறீங்க?"

"முதல்ல டவருக்கு எழுதுங்க சார். ராஜகோபாலன் சார் ஒரு நாள் முழுக்கத் தரையிலேயே பேச அனுமதி வேணும்னு."