காருக்குக் கரியர் பூட்டிய கதை

அப்பா வாடகைக்குக் கார் ஓடினார். பழைய ஒஸ்ரின். கலியாணவீடு, ஆசுபத்திரி, கோயில் என்று யார் கேட்டாலும் போவார். கூரையில் மட்டும் ஒரு சாமானும் ஏற்றமாட்டார். கரவெட்டியில் மற்ற ஹயர் கார்கள் எல்லாவற்றின் தலையிலும் கரியர் இருந்தது. இரும்புச் சட்டம்தான். வாழைக்குலை, சைக்கிள், கதிரை எல்லாவற்றையும் அதில் கட்டிக்கொண்டு போவார்கள். எங்கள் கார் மொட்டை. பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லிப் பகிடி பண்ணுவார்கள். ஏன் என்று நான் வீட்டில் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் கேள்வி கேட்கிற பழக்கம் குறைவு.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு மார்கழியில் பெரியப்பாவின் மகன் அவுஸ்ரேலியாவிலிருந்து வந்தார். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. கொழும்பு வான்காரன் விடியப்புறம் அவரைப் படலையில் இறக்கிவிட்டுப் போனான். ஒரு பெட்டி. அதோடு ஒரு பலகை. பலகை அப்பாவைவிட உயரம். வெள்ளை வெளேர் என்று இருந்தது. ஒரு முனை கூர். மற்ற முனையின் அடியில் மீன் செட்டை போல மூன்று. கடலில் அலை எழும்பும்போது அதில் ஏறி நின்றால் அலையே கரைக்குக் கொண்டுவந்து விடுமாம். அம்மா நம்பவில்லை.

"விழுந்தால்?"

"விழுவன் சித்தி. பிறகு எழும்புவன்."

"எழும்பாட்டில்?"

அண்ணை சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

வாடைக்காற்றுக்கு மணற்காட்டுக் கடற்கரையில் நல்ல அலை அடிக்கும் என்று அண்ணை போனில் பார்த்து வைத்திருந்தார். என்னையும் கூட்டிக்கொண்டுபோய்ப் பலகையில் ஏற்றிவிடுவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பின்னேரமே பலகையைக் காருக்குள் நுழைத்துப் பார்த்தோம். இந்தப் பக்கத்தால் விட்டால் முன் கண்ணாடியில் முட்டியது. அந்தப் பக்கத்தால் விட்டால் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"கரியர் போட்டால் சரி, சித்தப்பா," என்றார் அண்ணை.

குசினி வாசலில் நின்று அம்மாதான் பதில் சொன்னார்.

"அந்தக் கார்த் தலையிலை இனி ஒண்டும் ஏறாது. லாண்ட்மாஸ்ரர் உழவுமிசினிலை கொண்டு போங்கோ."

"லாண்ட்மாஸ்ரர் வயலுக்கை நிக்குது," என்றார் அப்பா.

"அப்ப பலகை இஞ்சை நிக்கட்டும். சோறுகறியே கேக்குது அது?"

"பெடியன் எவ்வளவு தூரத்திலையிருந்து கொண்டு வந்திட்டான்."

"ஏத்தமாட்டன் எண்டு சொன்னது ஆர்? நானே? நீங்கள்தானே இருந்த கரியரைக் கழட்டி எறிஞ்சனீங்கள்."

அப்பா முற்றத்தில் நின்று காரின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதேன். இரண்டு பேருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகத்தான் அழுதேன். அம்மா என்னைப் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன். உள்ளே போய்விட்டார்.

அடுத்தநாள் காலை அப்பா எங்கள் இரண்டு பேரையும் சுன்னாகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய இரும்புக்கடை இருந்தது. வெங்காய மணமும் துரு மணமும் ஒன்றாக அடித்தது. கடைக்காரர் வாய் ஓயாத மனுசன். அப்பாவின் பின்னால் நின்ற அண்ணையின் அரைக் காற்சட்டையையும் கறுப்புக் கண்ணாடியையும் ஒரு தரம் பார்த்தார்.

"வெளிநாட்டு மருமோனே?"

"தமையன்ரை பெடியன்," என்றார் அப்பா. "ஒரு கரியர் வேணும். பலகை ஒண்டு ஏத்த."

என்ன பலகை என்று நான் சொன்னேன். கடைக்காரர் கெக்கட்டம் போட்டுச் சிரித்தார்.

"கடல்லை ஏறி நிக்கிற பலகையோ! எங்கடை ஆக்கள் எத்தினை தலைமுறையாய்க் கட்டுமரத்திலை நிக்கிறாங்கள். ஒருத்தனும் படம் எடுக்க வரேல்லை."

உள்ளே போய் மூன்று கரியர் கொண்டுவந்து நிலத்தில் போட்டார். ஒன்று அலுமினியம், மினுங்கல். ஒன்று நல்ல நீளம், நாலு பக்கமும் கம்பி வைத்துக் கட்டில் மாதிரி. மற்றது நீளம் இல்லாத வெறும் இரண்டு கட்டைச் சட்டம். ஏதோ சின்னக் காரில் இருந்து கழற்றியது.

அண்ணைக்கு அலுமினியத்தில்தான் கண். அப்பா அதன் காலைத் திருப்பிப் பார்த்தார். எங்கள் காரின் கூரை ஓரத்தில் மழைத்தண்ணி வழிந்தோட ஒரு தகர மடிப்பு உண்டு. கரியரின் கால் அதைக் கவ்விப் பிடிக்க வேண்டும். அலுமினியத்தின் கால் புது வான்களுக்குச் செய்தது. எங்கள் காரில் நிற்காது. அப்பா அதை வைத்துவிட்டார்.

"அப்ப இது," என்றார் அண்ணை, நீளமானதைக் காட்டி. எனக்கும் அதுதான் பிடித்தது. அதைப் பூட்டினால் எங்கள் கார் கரவெட்டியிலேயே பெரிய கார் ஆகிவிடும். அப்பா அதில் கை வைத்தார். கடைக்காரரும் அதைத் தட்டிக் காட்டினார்.

"நல்ல நீளம் பாருங்கோ. ஒரு ஆளே நீட்டி நிமிந்து படுத்துப் போகலாம்."

அப்பா கையை எடுத்துவிட்டார்.

மேசையடியில் இருந்த கடைக்காரரின் மனைவி எழும்பி வந்தார். "இஞ்சேருங்கோ, வாயைப் பொத்துங்கோ."

"ஏன், என்ன சொல்லிப்போட்டன்?"

"உவர் எங்கடை அம்மா வீட்டடி ஆள். உவற்றை மூத்த பெடியன் ஷெல் விழுந்து செத்துப்போகேக்கை, பெரியாசுபத்திரியிலையிருந்து பெட்டியைக் கார்த் தலையிலை கட்டி உவர்தானே தனிய ஓடிக்கொண்டு வந்தவர். அண்டைக்கு வேறை ஆர் வாகனம் எடுத்தது?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "அண்ணை, எனக்குத் தெரியாதண்ணை."

"அதுக்கென்ன," என்றார் அப்பா.

மூத்த அண்ணாவை எனக்குப் படத்தில்தான் தெரியும். நான் பிறக்கமுன் செத்துப்போனவர். மீசை முளைக்காத முகம். வெள்ளிக்கிழமைகளில் அம்மா படத்துக்குப் பூ வைப்பார். நான் பூப் பிடுங்கிக் கொடுப்பேன். அவ்வளவுதான் எனக்கும் அவருக்கும். கடைக்காரரின் மனைவி சொன்னது முழுவதும் என் காதில் விழுந்தது. விழுந்தும், அப்பா கரியர் வாங்காமல் திரும்பிவிடுவாரோ என்றுதான் பயந்தேன்.

அவுஸ்ரேலியா அண்ணைக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"சித்தப்பா, வேண்டாம். வீட்டை போவம்."

அப்பா அவரைப் பார்க்கவில்லை. "உந்தப் பலகை எவ்வளவு பாரம் வரும்?"

"மூண்டு கிலோ. நாலு வரும்."

"அவ்வளவுதானோ?"

அப்பா குனிந்து அந்த இரண்டு கட்டைச் சட்டங்களையும் எடுத்தார். கம்பியும் இல்லை, தட்டும் இல்லை. பலகையைத் தவிர வேறொன்றையும் அதில் வைக்க முடியாது.

"அது கொஞ்சம் கட்டை," என்றார் அண்ணை.

"காணும், இது போதும்."

வீட்டுக்கு வந்து பழைய சைக்கிள் ரியூப்பைக் கீறிச் சட்டங்களில் சுற்றினார். கால்களைத் தகர மடிப்பில் மாட்டி இறுக்கினார். ஆட்டிப் பார்த்தார். கழற்றினார். திரும்பவும் பூட்டினார். அம்மா அந்தப் பக்கமே வரவில்லை. கிணற்றடியில் இல்லாத உடுப்பை எல்லாம் தோய்த்தார்.

விடிய மழை விட்டிருந்தது. பலகையைத் தூக்கி வைத்தோம். அப்பா கயிறு போட்டார். அண்ணை கொண்டுவந்த பட்டியை அவர் நம்பவில்லை. எங்கள் கிணற்றுக் கயிற்றை எடுத்துத் தன் கையால் முடிச்சுப் போட்டார். நான் ஏறி இருந்துவிட்டேன். கார் கிளம்பும்போது அம்மா வெளியே வந்தார்.

"நில்லுங்கோ."

அவர் கையில் வீட்டு முன் யன்னல் திரைச்சீலை. மஞ்சள் துணி, அதில் நீலக் கிளிகள். அப்போதுதான் கழற்றியிருக்கிறார், கம்பி மாட்டுகிற வளையம்கூட அதில் கிடந்தது.

"உப்பிடி வெள்ளையாய் நீட்டிக்கொண்டு போனால், றோட்டிலை சனம் செத்தவீடெண்டு சைக்கிளாலை இறங்கி நிக்கும்."

அப்பா காரைவிட்டு இறங்கினார். அம்மா காரின் படியில் ஏறி நின்று, பலகையைத் தலையிலிருந்து கால்வரை அந்தச் சீலையால் மூடினார். நாலு மூலையையும் தானே கட்டினார். ஒரு மூலை அவிழ்ந்தது, திரும்பக் கட்டினார். பிறகு இறங்கி, "இப்ப போங்கோ," என்றார்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவுஸ்ரேலியாப் பலகைக்கு எங்கள் வீட்டு யன்னல் சீலை. நெல்லியடிச் சந்தியில் பெடியள் கூவினார்கள். "டேய், கிளி போகுதடா! கிளிச் சாத்திரியார் போறார்!" நான் ஆசனத்துக்குக் கீழே குனிந்துவிட்டேன். அப்பா திரும்பி அவர்களைப் பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். கை காட்டினார்.

மணற்காட்டில் அலை மதில் மாதிரி எழும்பியது. அண்ணை விழுந்தார், எழும்பினார், விழுந்தார். ஒரு தரம் நின்றேவிட்டார். கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்த ஆட்கள் விசில் அடித்தார்கள். பிறகு என்னைப் பலகையில் குப்புறப் படுக்கவைத்துத் தள்ளிவிட்டார். அலை என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது. மூக்கு முட்ட உப்புத்தண்ணி. அப்படி ஒரு சந்தோசம் அதற்குப் பிறகு எனக்கு வந்ததாக ஞாபகம் இல்லை. அப்பா சாரத்தை மடித்துக்கட்டி முழங்கால் தண்ணியில் நின்று, "காணும், வெளியிலை வாங்கோ, காணும்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

திரும்பும்போது பலகையை மறுபடி கட்டி, கிளிச்சீலையால் மூடினோம். மழைக்கு அந்த வீதி முழுவதும் குழி. அப்பா நடக்கிற வேகத்தில் ஓடினார். ஒவ்வொரு குழிக்கும் காரை நிறுத்தினமாதிரி ஆக்கி, ஒரு சில்லை மெல்ல இறக்கி ஏற்றி, பிறகு மற்றச் சில்லை இறக்கினார். வலக்கையை யன்னலுக்கு வெளியே விட்டு மேலே சட்டத்தைப் பிடித்திருந்தார். கியர் மாற்றும்போது மட்டும் ஸ்ரேரிங்கைப் பிடிக்க அந்தக் கை உள்ளே வந்தது. உடனே திரும்பவும் மேலே போனது.

எனக்குப் பசி. ஈர உடுப்பு. முன்னுக்கு எட்டிப் பார்த்துச் சொன்னேன்.

"அப்பா, பலகைக்கு நோகுமே?"

அண்ணை வெளியே பார்த்தார். நான்தான் சிரித்தேன்.

"இல்லைப் பிள்ளை," என்றார் அப்பா. "நோகாது."

அடுத்த குழிக்கும் அப்படியேதான் இறக்கினார். பின்னால் வந்த ஓட்டோக்கள் எல்லாம் கோன் அடித்து எங்களை முந்திக்கொண்டு போயின. ஒரு லாண்ட்மாஸ்ரர்கூட முந்தியது. எங்கள் காருக்கு வயது போய்விட்டது, இனி இது ஓடாது என்று நினைத்து, வீடு வந்து சேரும்வரை கவலைப்பட்டுக்கொண்டு இருந்தேன்.