கச்சேரி வீட்டின் மூன்று கண்ணாடிகள்

விருத்தாசலம் தேரோடும் வீதியில் கச்சேரி வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால்தான் சண்டை வரும். கும்பினி காலத்தில் தாசில்தார் அங்கே உட்கார்ந்து வரி வசூலித்தார் என்பது ஒரு கட்சி. இல்லை, அது கலெக்டர் துரை முகாம் போடும் பங்களா என்பது எதிர்க்கட்சி. அங்கிருந்து கோயிலுக்குச் சுரங்கப்பாதை போகிறது என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒற்றுமை உண்டு. சுரங்கத்தைப் பார்த்தவர் எவரும் இல்லாததால் அந்த ஒற்றுமைக்கு இதுவரை பங்கம் வரவில்லை.

சந்தேகமில்லாத சரித்திரம் 1951-இல் ஆரம்பிக்கிறது. அந்த வருஷம் அலாவுதீன் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து முன்னறையில் பைண்டிங் கடை வைத்தார். பின்னறையில் குடித்தனம். தாலுகா ஆபீஸ் பதிவேடு, கோர்ட்டுக் கட்டு, கோயில் புத்தகம், பீங்கான் தொழிற்பேட்டை வந்தபிறகு அதன் ரெஜிஸ்டர் என்று ஊரில் முதுகொடிந்த காகிதமெல்லாம் அவரிடம் வந்து, நிமிர்ந்து திரும்பிப் போயிற்று. அவர் எதையும் படிப்பதில்லை. படித்தால் தையல் கோணும் என்பார். அவர் மனைவி ரஹ்மத் பீவி எல்லாவற்றையும் படிப்பாள். அவள் தைப்பதில்லை என்பதால் தொழிலுக்குக் கெடுதல் வரவில்லை.

வீட்டுக்காரர் அனந்தராமன் சென்னையில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தார். பீங்கான் பொம்மையும் ஃப்யூஸ் கட்டையும் வாங்க வெளியூர் வியாபாரிகள் ஊருக்குள் வந்து படுக்க இடமில்லாமல் அலைவதைக் கண்டதும், கச்சேரி வீட்டை இடித்து லாட்ஜ் கட்டலாம் என்று அவருக்குத் தோன்றியது. தவறாமல் வாடகை கொடுப்பவரை வெளியேற்றுவது சுலபமில்லை. கட்டடம் விழப்போகிறது என்று நிரூபித்தால் சுலபம். முன்னறைச் சுவரில் நிலைப்படியின் மூலையிலிருந்து கூரைவரை ஒரு வெடிப்பு ஓடியது. அது வளர்கிறது என்று அனந்தராமன் கோர்ட்டில் சத்தியம் செய்தார். வளரவில்லை என்று அலாவுதீன் சத்தியம் செய்தார். இரண்டு பேருமே அதை அளந்து பார்த்ததில்லை.

யார் சொல்வது நிஜம் என்று பார்க்கக் கோர்ட்டார் ஓவர்சியர் கோதண்டபாணியை அனுப்பினார்கள். 1972 ஜனவரியில் அவர் வந்து, சிகரெட் பெட்டி நீளத்துக்கு மூன்று கண்ணாடித் துண்டுகளை வெடிப்பின் குறுக்கே, மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்றாக வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்டு அப்பித் தேதியைக் கீறினார்.

"செவுரு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி படக்குனு உடைஞ்சிடும் பாய். அறுபது நாளு. ஒண்ணு உடைஞ்சாலும் எழுதி அனுப்பிடுவேன். அப்புறம் இடிக்கத்தான் ஆர்டரு வரும்."

"உடையலைன்னா?"

"இருந்துட்டுப் போங்க."

கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தமக்கு இன்னோர் இடம் கிடைக்காது என்பது அலாவுதீனுக்குத் தெரியும். யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். இப்போதுதான் வேறு ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்தோம் என்பார்கள். ஊருக்கு வெளியே போனால் பதிவேட்டுக் கட்டைச் சுமந்துகொண்டு எந்தக் குமாஸ்தா அவ்வளவு தூரம் வருவான்? ஐம்பத்து மூன்று வயதில் அவருடைய தொழில் அந்த மூன்று துண்டுகளில் தொங்கிற்று.

அன்றிலிருந்து வீடு நுனிக்காலில் நடந்தது. புத்தகத்தின் முதுகைச் சுத்தியலால் தட்டும் வேலை கொல்லைப்புறத்துக்குப் போயிற்று. ரஹ்மத் பீவி மிளகாய் இடிக்க எதிர்வீட்டுத் தங்கம்மாளிடம் உலக்கையோடு போனாள். தும்மல் வந்தவர்கள் தெருவுக்கு அனுப்பப்பட்டார்கள். கோதண்டபாணி காலையும் மாலையும் வந்து பார்த்து நோட்டில் "சேதமில்லை" என்று எழுதினார். ஐம்பது நாள் போயிற்று.

ஆனால் அறுபது நாளுக்குள் மாசி மகத் தேர் இருந்தது. அது தற்செயல் என்று அனந்தராமன் சொல்லிக்கொண்டிருந்தார். பஞ்சாங்கம் அவர் வீட்டிலும் உண்டு.

தேர் தெருவில் ஓடுவதைவிட அலாவுதீனுக்கு மாடிதான் பெரிய பயம். கச்சேரி வீட்டு மொட்டை மாடியில் ஏறித் தேர் பார்ப்பது அந்தத் தெருவின் பாத்தியதை. அவருக்கு முன்னால் இருந்தவர்கள் காலத்திலிருந்தே அப்படித்தான். இருபது வருஷமாக அவரே மாடியைக் கூட்டி, கீற்றுப் போட்டு, தண்ணீர்ப் பானை வைத்துக் கொடுத்திருக்கிறார்.

"இந்த வருஷம் மாடி கெடையாதுன்னு சொல்லிடுங்களேன்" என்றாள் ரஹ்மத் பீவி.

"ஏன்னு கேப்பாங்க."

"வூடு தாங்காதுன்னு சொல்லுங்க."

"அதத்தான் அவரு கோர்ட்டுல சொல்றாரு. நானும் அதையே சொல்லிட்டா கேஸு எதுக்கு?"

"அப்பத் தாங்கும்னு வுட்டுடுங்க."

"தாங்கும்னுதான் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"நெசமாத் தாங்குமா?"

அலாவுதீன் பசைச்சட்டியைக் கிளறினார். விழும் என்று சத்தியம் செய்தவர் நிற்கும் என்று நம்பினார். நிற்கும் என்று சத்தியம் செய்தவர் விழும் என்று பயந்தார்.

கடைசியில் கோதண்டபாணியிடம் போய், நீங்களாவது தடுக்கக்கூடாதா என்று கேட்டார்.

"கண்ணாடியப் பாக்கத்தான் எனக்கு ஆர்டரு. மாடியில யாரு ஏறணும்னு அதுல ஒண்ணும் இல்லியே" என்றார் ஓவர்சியர். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க வூட்டுலயும் வர்றாங்க பாய். வருஷா வருஷம் கூட்டத்துல நசுங்குறோம்" என்றார்.

தேர் நாளன்று காலை பத்து மணிக்கு அனந்தராமன் மனைவி ஜயாவோடும், நாற்காலி தூக்கிய ஆளோடும், வங்கி மானேஜர் குடும்பத்தோடும் வந்து இறங்கினார். சுவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"என்ன பாய், மாடி கூட்டியாச்சா?"

"ஆச்சுங்க."

தெரு ஏற ஆரம்பித்தது. படிக்கட்டு ஓர் ஆள் அகலம். நடுவில் ஒரு திருப்பம். தங்கம்மாள் மூச்சு வாங்க அதன் கீழே நின்றாள்.

"என்ன பாய், மூஞ்சி தொங்கிப்போச்சு? தேரு உங்க தலைமேலயா ஏறப்போவுது?"

"தேரு இல்லக்கா. நீங்க."

"போன மாசிக்கு இப்ப எளைச்சிட்டேன், தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள்.

எழுபதுவரை எண்ணிய அலாவுதீன் அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டார். கோதண்டபாணி கண்ணாடிகளைப் பார்த்து நோட்டில் "சேதமில்லை" எழுதி, நேரமும் குறித்துவிட்டு, "சாமிய ஒரு தடவ பாத்துட்டு எறங்கிடறேன்" என்று தாமும் மாடிக்குப் போனார். கீழே அலாவுதீன் தனியாக நின்றார்.

பிள்ளையார் தேர் போயிற்று. முருகன் தேர் போயிற்று. தரை அதிர்ந்தது, கண்ணாடிகள் அசையவில்லை. மூன்றாவதாகச் சுவாமி தேர் வந்தது. ஐந்து தேர்களில் அதுதான் பெரியது. கச்சேரி வீட்டுக்கு நேரே வந்ததும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றுவிட்டது. முட்டுக்கட்டை போட்டார்கள். வடம் பிடித்தவர்கள் கத்தினார்கள். நன்றாகப் பார்க்க மாடியிலிருந்த அத்தனை பேரும் தெருப்பக்கக் கைப்பிடிச் சுவருக்கு நகர்ந்தார்கள். தலைக்கு மேலே உத்திரம் முனகுவது அலாவுதீனுக்குக் கேட்டது. பின்சக்கரத்துக்கு நெம்புமரம் கொடுத்து ஒரு உந்து உந்தினார்கள். தேர் ஒரு சாண் முன்னே வந்து மறுபடி உட்கார்ந்தது.

டிக் என்று ஒரு சத்தம். நடுக்கண்ணாடியின் குறுக்கே ஒரு கோடு விழுந்திருந்தது. வெடிப்பிலிருந்து சுண்ணாம்புத் தூள் அவர் கையில் கொட்டியது.

அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். ஓவர்சியர் இறங்கி வருவதற்குள் என்னென்னவோ செய்யலாம். பெட்டியில் படச்சட்டக் கண்ணாடி இருந்தது, ஜன்னலுக்கு வாங்கிய சிமெண்டு மிச்சம் இருந்தது. தேதி கீறவும் அவருக்குத் தெரியும். தெருவே சத்தத்தில் மூழ்கியிருந்தது.

அவர் படியேறினார். திருப்பத்தில் நின்று யோசித்தார். விழப்போகிறது என்று கத்தினால் எழுபது பேரும் அந்த ஒற்றைப் படிக்கட்டில் பாய்வார்கள். கட்டடம் கொல்லாமல் விட்டவர்களைப் படிக்கட்டு கொல்லும். மேலே போய்க் கைகூப்பினார்.

"கீழ சர்பத்து ஊத்துறாங்க. ஐஸு போட்டது. ஒவ்வொருத்தரா வாங்க, தீர்ந்துடப் போவுது."

பிள்ளைகள் உடனே கிளம்பினார்கள். பெரியவர்கள் நகரவில்லை.

"சாமி எதிர்ல நிக்கறப்ப சர்பத்தா? என்ன பாய் நீங்க!" என்றார் அனந்தராமன்.

ஜயா அலாவுதீனின் கையைப் பார்த்தாள். கூப்பிய கை முழுக்கச் சுண்ணாம்பு. அவள் எழுந்து, "எனக்குத் தாகமா இருக்கு, வாங்கோ மாமி" என்று மானேஜர் மனைவியின் தோளைப் பிடித்தாள். இரண்டு பேர் எழுந்ததும் பெண்கள் வரிசை எழுந்தது.

கோதண்டபாணி பக்கத்தில் வந்து, உதடு அசையாமல் கேட்டார்: "எது?"

"நடுவுது."

ஓவர்சியர் தம் மனைவியையும் பெண்ணையும் படிப்பக்கம் தள்ளிவிட்டு, திருப்பத்தில் நின்று ஒவ்வொருவராக இறக்கினார். தங்கம்மாள் திருப்பத்தில் முட்டிக்கொண்டு நின்றபோது அவர் நெற்றியில் வேர்வை ஆறாக ஓடிற்று. கீழே தேருக்கு மறுபடி நெம்புமரம் கொடுத்தார்கள்.

மாடியில் மிஞ்சியவர் அனந்தராமன் ஒருவர்தான்.

"நான் எதுக்கு வரணும்? என் ஆத்து மாடி."

"வூடு உங்களுதுதாங்க" என்றார் அலாவுதீன். "நடுக்கண்ணாடி போயிடுச்சு. கேஸுல நீங்க ஜெயிச்சிட்டீங்க. இப்ப எறங்குங்க."

அனந்தராமன் அவரையும் காலடித் தளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டக்கூட நிற்கவில்லை.

இறங்கியவர்கள் கூடியிருந்த கொல்லைப்புறத்துக்கு இரண்டு பேரும் வந்து சேர்ந்தபோது தேர் பெரிய குலுக்கலோடு கிளம்பியது. விஷயம் தெரிந்த மூன்று பேரும் முன்னறைக் கதவுவழியே சுவரைப் பார்த்தார்கள். அது நின்றது. மற்ற இரண்டு கண்ணாடிகளும் முழுசாக இருந்தன.

"சரி, சர்பத்து எங்க?" என்றாள் தங்கம்மாள்.

ரஹ்மத் பீவி புருஷனைப் பார்த்தாள். வீட்டில் எலுமிச்சம்பழம்கூட இல்லை.

அன்று சாயங்காலம் கோதண்டபாணி நோட்டைத் திறந்துவைத்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். "எழுதுங்க சார்" என்றார் அலாவுதீன். ஓவர்சியர் நேர்மையானவர், அதாவது பயந்தவர். இருந்ததை எல்லாம் எழுதினார். நடுக்கண்ணாடி உடைந்தது. அப்போது மாடியில் மனுதாரர் அழைத்தவர்கள் உட்பட எழுபது பேருக்குமேல் இருந்தார்கள். மனுதாரரும் இருந்தார். அடுத்த வரியில், கீழே கையொப்பமிட்டுள்ள ஓவர்சியரும் இருந்தார் என்று எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது.

கோர்ட்டில் முன்சீப் அனந்தராமனிடம் இரண்டே கேள்வி கேட்டார். கட்டடம் அபாயமானது என்று சத்தியம் செய்தீர்களா? செய்தேன். அதன்மேல் மனைவியையும் விருந்தாளிகளையும் ஏற்றி உட்காரவைத்தீர்களா? அனந்தராமன் தம் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மின்விசிறியைப் பார்த்தார். எழுபது பேர் பாரத்திலும் தேர் அதிர்ச்சியிலும் ஒரு கண்ணாடி உடைந்ததை வைத்துக் கட்டடத்தை இடிக்க முடியாது என்று தீர்ப்பாயிற்று. வீட்டுக்காரர் சுவரைப் பழுதுபார்க்க வேண்டும், மாடிப்படியை நிரந்தரமாக அடைக்க வேண்டும், வாடகைதாரர் இருக்கலாம்.

பழுதுபார்க்க நாலு வருஷம் ஆயிற்று. படியை அடைக்க ஒரே நாள். அடைத்தது கோர்ட்டு, கெட்ட பெயர் அலாவுதீனுக்கு. நூறு வருஷத்துப் பாத்தியதையைப் பாய் கெடுத்துவிட்டார் என்று தெரு பேசிற்று. அவர் ஏன் எல்லோரையும் இறக்கினார் என்பதை ஓவர்சியர் நோட்டைத் தவிர வேறெங்கும் யாரும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை, சொன்னால் மறுபடி யாராவது வெடிப்பை அளக்க வருவார்கள்.

அடுத்த மாசியில் தெருவாசிகள் வெயிலில் நின்றார்கள். சென்னையிலிருந்து வந்த அனந்தராமன் கொஞ்ச நேரம் வாசலில் தயங்கிவிட்டு, முன்னறைக்குள் வந்து ஜன்னலோரம் நின்றார். அலாவுதீன் பதிவேட்டுக் கட்டுகளை ஒதுக்கி ஒரு முக்காலியைத் தள்ளினார். சுவாமி தேர் வந்தபோது இரண்டு பேரும் தேரைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.