சாயங்காலம் எடுத்த ரத்தம்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துவது சுலபம். என்ன டெஸ்டுக்கு வந்திருக்கிறார் என்று ஆளை வாய் திறக்க வைப்பதுதான் வேலை. பிறத்தியார் சங்கதியைக் கவுன்டரில் நின்று சத்தமாகக் கேட்க வேண்டிய தொழிலில் நீங்களும் இருந்தால், என் பாடு உங்களுக்குப் புரியும். திருத்தங்கலில் பதினாறு வருஷமாக எனக்கு இதே பாடுதான்.

மச்சினனுக்கு

ஆண்களுக்கான ஹார்மோன் டெஸ்டை யாரும் தனக்கென்று கேட்டதில்லை. அண்ணனுக்கு, கூட வேலை பார்ப்பவருக்கு என்றுதான் கேட்பார்கள். ஒருத்தர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே, இது மச்சினனுக்கு என்றார். மச்சினன் எங்கே என்று கேட்டேன்.

“அவன் வெக்கப்படுவான்க்கா. நீங்க என் கையிலயே எடுங்க.”

ஆறு மணி வேன்

முத்துராஜ் தாயில்பட்டிக்காரர், பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குள் மருந்து செலுத்துகிறவர். கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. அவருடைய அம்மா வேறு பெண் பார்க்கச் சொல்லி வைத்தாயிற்று. மனைவி பாண்டீஸ்வரிக்கு எல்லா டெஸ்டும் சரி. இவருக்கும் விந்தணு எண்ணிக்கை சரி. எதற்கும் ஹார்மோனையும் பார்த்துவிடலாம் என்று பக்கத்துக் கட்டிடத்து டாக்டர் சீட்டு எழுதி, ‘காலையில்’ என்று அடிக்கோடும் போட்டிருந்தார். அந்த ஹார்மோன் காலையில் ஏறி நிற்கும், பொழுது சாயச் சாய இறங்கும்.

ஆறு மணிக்குக் கம்பெனி வேன் வந்துவிடும். நான் கதவு திறப்பது ஏழுக்கு. சீசனில் லீவு கேட்டால் போர்மேன் முகத்தையே பார்க்க மாட்டார். ஒருநாள் சாயங்காலம் விரல் நுனியெல்லாம் அலுமினியப் பொடி மினுங்க முத்துராஜ் வந்து நின்றார். திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். பாவமாக இருந்தது, எடுத்துவிட்டேன். ரிப்போர்ட்டில் நேரத்தையும் எழுதவில்லை. எண் குறைவாக வந்தது. பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“அப்ப கொறை எங்கிட்டதான். இனி எங்கம்மா அவளப் பேச மாட்டாக.”

வலுவுக்கு ஊசி

அந்தப் பேப்பரோடு அவர் டாக்டரிடம் போகவில்லை. உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் ஒருவரிடம் போனார். அவர் அதே ஹார்மோனை ஊசியாகவே நாலு மாதம் போட்டுவிட்டார். உடம்பு நன்றாகவே தேறியது. அப்படியும் குழந்தை தங்காமல் டாக்டரிடம் போனபோது, அவர் மறுபடி விந்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஸ்லைடை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை மூன்று தடவை தேடினேன். ஓர் அணுகூட இல்லை. டாக்டர் என் பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தார்.

“இது எத்தனை மணிக்கு எடுத்தது?”

வேலை பிரிக்காத ஆட்கள்

முத்துராஜுக்கு விளக்கிச் சொல்லும் பொறுப்பை டாக்டர் என் தலையில் கட்டினார். தண்டனை என்று அவர் சொல்லவில்லை.

விரையில் ஹார்மோன் சுரக்கும் செல்கள் தனியாக உண்டு, பருவ வயதில்தான் அவை முழுசாக உருவாகும் என்றேன். அவை குறைந்தால் ஈடுகட்ட, ரத்தக் குழாயை ஒட்டி ஸ்டெம் செல்கள் கொஞ்சம் அங்கேயே இருக்கும்; இன்னும் வேலை பிரித்துக் கொடுக்காத ஆட்கள் மாதிரி. சுரக்கச் சொல்லி ஆர்டர் போடுவது மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பி. ஊசியில் ஹார்மோன் வந்ததும் அது ஆர்டரை நிறுத்திவிட்டது, செல்கள் சும்மா உட்கார்ந்துவிட்டன, அணு உற்பத்தியும் நின்றுவிட்டது. ஊசியை விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்று முடித்தேன்.

“வெளிய இருந்து ரெடி சரக்கு லோடு லோடா எறங்குனா, உள்ள இருக்கவன் எதுக்கு மருந்தத் தொடப் போறான்” என்றார். நான் அரை மணி நேரம் சொன்னதை ஒரே வரியில் முடித்துவிட்டார். எழுந்து வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

“போர்மேன் மறுபடி கூப்புட்டா அதுக வேலைக்கு வந்துருமாக்கா? இல்ல, போனது போனதுதானா?”

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன்.

மழை நாள்

எட்டு மாதம் கழித்து ஒரு விடாத மழை. மழையில் பட்டாசு வேலை ஓடாது, வேனும் வராது. ஏழு மணிக்குக் கதவைத் திறந்தபோது முத்துராஜும் பாண்டீஸ்வரியும் ஒரே குடையில் நின்றிருந்தார்கள். ரத்தத்தை எடுத்து, விந்து மாதிரியும் வாங்கி, நேரத்தை இரண்டு இடத்தில் எழுதினேன்.

மதியத்துக்குள் எண் வந்தது. நல்ல எண். ஸ்லைடிலும் அணுக்கள் ஓடிக்கொண்டிருந்தன. எண்ண மறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அழுகை வந்தது, மைக்ராஸ்கோப்பில் முகத்தை வைத்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

பேப்பரைக் கொடுக்கும்போது சொல்லிவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் எடுத்தது என் தப்பு, காலையில் எடுத்திருந்தால் அப்போதே சரியாக வந்திருக்கும், ஊசிக்கே தேவை இருந்திருக்காது. முத்துராஜ் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்தார். பாண்டீஸ்வரி குடையை எடுத்து விரித்தாள்.

“பஸ் ஸ்டாப் வரைக்கும் இதுல மூணு பேரு போகலாம். வாங்கக்கா, எங்க அத்தகிட்ட இத நீங்களே சொல்லுங்க. மழைக்கு அவுகளும் வீட்டுலதான் இருக்காக.”

அதுவரை நான் ஊருக்குக் குத்திய ஊசி எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த அத்தை அரை மணி நேரத்தில் வார்த்தையாலேயே திருப்பிக் கொடுத்தார், நடுவில் ஒரு காபியும்.