மொட்டில் இல்லாத நிறம்

ஆடிக் காற்றில் அசையாமல் பிடித்த ஓர் எறும்பின் மீசை. மழை இருட்டில் எடுத்த ஈயின் கண். வெட்டுக்கிளி தாவுவதற்கு முன் அதன் பின்னங்காலில் இருந்த முட்கள். படத்தை வைத்துக்கொண்டு எண்ணினேன், ஒரு பக்கம் ஒன்பது. இடது கண்ணில் பாதிப் பார்வை மட்டுமே உள்ள என் தம்பி வினோஜ், தோவாளையில் இருந்துகொண்டு கேமராவில் வென்றவை இவை. ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வரும் காற்றில் எங்கள் ஊர்ப் பூ ஒரு நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்காது. காற்றாலை வைக்கத் தேர்ந்தெடுத்த இடத்தில் ஒருவன் பூச்சியைக் கிட்டப் போய்ப் படம் பிடிக்கக் கிளம்பினால் ஊர் சிரிக்கத்தான் செய்யும்.

அதனால் அவன் பூவை எங்கள் பூக்கொட்டகைக்குள் கொண்டுவந்துவிடுவான். காம்பை வாழைநாரால் ஈர்க்கில் கட்டி, ஈர்க்கை வாழைத்தண்டில் குத்தி நிறுத்துவான். பிளாஷுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் தகடு. வெளிநாட்டுக்குப் பூ அனுப்பும் பெட்டியின் மூடியைச் சீவிச் செய்தது. "இது இல்லேன்னா எறும்புக்க முதுகு வெள்ளை வெளேர்னு எரிஞ்சு போவும், அக்கா" என்பான். பிறகு மண்டியிடுவான்.

"மூச்சு விடாத. நீ மூச்சு விட்டா எறும்பு ஆடுது."

"அப்ப நான் சாவணுமா லேய்?"

"ரெண்டு செக்கண்டு செத்தா போரும்."

நாகர்கோவிலில் ஒரு ஸ்டுடியோவில் வேலை. கல்யாண வீட்டில் தாலியையும் மோதிரத்தையும் எடுக்க அவனைத்தான் விடுவார்கள். ஒருமுறை பூமாலையில் ஊர்ந்த சிலந்தியின் பின்னால் போய், மாப்பிள்ளையைப் பாதியில் விட்டுவிட்டான்.

அவனிடம் இரண்டு லென்ஸ்கள். நீளமானதில் ஒரு சாண் தள்ளி நின்று எடுக்கலாம். மற்றது பழைய குட்டை லென்ஸ். அதை முன்பின்னாகத் திருப்பி மாட்டுவான். பொருளை இன்னும் பெரிதாகக் காட்டுவது அதுதான். தலைகீழாக மாட்டினால் எப்படிக் கூடுதலாகத் தெரியும் என்பது எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அதற்கு இரண்டு விரல் இடைவெளிதான் கிடைக்கும். லென்ஸின் நிழலே பூமேல் விழும். அப்போது பிளாஷைப் பக்கவாட்டில் திருப்பி, எதிலாவது பட்டுத் திரும்பும் வெளிச்சத்தில் எடுப்பான்.

போன ஆண்டு ஆடியில் எங்கள் மல்லித் தோட்டத்தில் மொட்டுகள் அடி வீங்கி உதிர்ந்தன. பதினான்கு வரிசை, எங்கள் வீட்டு அடுப்பு எரிவது அதை நம்பி. வினோஜ் ஒரு கிளையைக் கொட்டகைக்கு ஒடித்துவந்து, ஒரு மொட்டைப் பிளேடால் கீறித் திறந்து, குட்டை லென்ஸால் எடுத்தான். படத்தில் இலை, காம்பு, மொட்டு எல்லாவற்றிலும் ஆரஞ்சு நிறம் ஏறியிருந்தது. பயிர் நோய் பார்த்துச் சொல்லும் ரேஷ்மி மேடத்துக்கு அனுப்பினான்.

"படத்துல தெரியுறத வச்சுப் பாத்தா துரு நோய் மாதிரி இருக்கு. நோய் உள்ள செடியப் பிடுங்கி எரிச்சிடுங்க. பரவிடும்" என்றார் அவர். பூ விவசாயிகளின் வாட்ஸாப் குழுவிலும் படம் போய்விட்டது.

அப்பா நாராயணபெருமாள் செடியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "எனக்க கண்ணுக்கு ஒண்ணும் தெரியல்ல. ஆனா எறும்புக்க மீசையையே காட்டின கேமராவாக்கும்." மண்வெட்டியை எடுத்தார்.

வினோஜ் கொட்டகையில் லென்ஸைத் துடைத்தான். பல்பை அணைத்து எடுத்தான், போட்டு எடுத்தான்.

"அக்கா, இது உனக்கு என்ன நெறம்?"

"வெள்ளை."

"படத்துல?"

"மஞ்சளும் செவப்புமா."

"அப்ப ரெண்டுல எது பொய்யி?"

இருபது வருடமாகப் பூத் தரம் பிரிப்பவள் நான். நீள லென்ஸால் எடுத்த படத்தில் மொட்டு வெள்ளையாகத்தான் இருந்தது. அதைக் காட்டினேன். "அது மேலாப்புல பாக்குது. இதுதான் உள்ள பாக்குது" என்றான். அவன் முகத்தில் நம்பிக்கை இல்லை. என் கண்ணில்தான் கோளாறோ என்று கையில் இருந்த மொட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தேன்.

பத்து மணிக்கு, ஆடியிலும் கல்யாணம் வைக்கும் ஒரு கிறிஸ்தவ வீட்டு வண்டி பூ எடுக்க வந்தது. அவனுக்குப் பக்கத்தில் இடுப்பளவு குவிந்து கிடந்த கேந்திப் பூவை, அதாவது துலுக்கச் சாமந்தியை, நான் சாக்கில் அள்ளினேன். பின்னால் பிளாஷ் மின்னியது.

"அக்கா! நீ இப்ப என்ன செஞ்ச?"

"பூ அள்ளினேன்."

"திரும்பத் தட்டு."

தட்டினேன். படத்தில் ஆரஞ்சு. "அள்ளு" என்றான். வெள்ளை. நான்கு முறை இப்படி.

"கல்யாண வீட்டுப் பூ லேய்! மண்ணாவுது."

அவன் கேட்கவில்லை. பக்கவாட்டில் திருப்பிய பிளாஷ் கேந்திக் குவியலில் பட்டு, அதன் நிறத்தைத்தான் மொட்டின்மேல் பூசியிருக்கிறது. குவியல் இருந்த இடத்தில் தெர்மோகோல் தகட்டை நிறுத்தி எடுத்தான். அதில் பட்டு வந்த வெளிச்சத்தில் மொட்டு வெள்ளை. அதன் அடியில் வெளிறிய மஞ்சளாக ஒரு புழு, ஊசிமுனை அளவு. கேந்தி வெளிச்சத்தில் அது மறைந்தே போயிருந்தது.

தோட்டத்துக்கு ஓடினான். பின்னால் நானும் ஓடினேன். அப்பா நான்காவது வரிசையில் நின்றார். "அப்பா, வெட்டாதீங்கோ! துரு இல்ல, புழுவாக்கும்!"

அப்பா மண்வெட்டியைப் போட்டுவிட்டு, வேர் மேலாகக் கிடந்த மூன்று வரிசையைப் பார்த்தார். "படம் பிடிச்சவனும் நீ, மாத்திச் சொல்லுகவனும் நீ. இதுல நான் எதை நம்ப, மக்கா?" ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

புதுப் படத்தைப் பார்த்த ரேஷ்மி மேடம், வீங்கிய மொட்டுகளைக் கிள்ளி அழித்தால் போதும், செடியைத் தொட வேண்டாம் என்றார். ஆனால் பழைய படத்தை நம்பி வேறு யாரெல்லாம் மண்வெட்டி எடுப்பார்களோ. குழுவில் உடனே மறுப்புப் போட்டான். போன் பார்க்காதவர்களுக்காக, பூச்சந்தை வாசலில் ஒட்ட இரண்டு படங்களையும் ஒரே தாளில் அச்சிட்டு வந்தான். கீழே எழுதினான்: 'முதல் படத்தில் இருப்பது நோய் அல்ல. பக்கத்தில் இருந்த கேந்திப் பூவின் நிறம். செடியைப் பிடுங்க வேண்டாம். தவறு என்னுடையது.'

"பேரு போடாத லே. ஊரு ஏசும்" என்றார் அப்பா.

வினோஜ் என் பேனாவை வாங்கி, தாள் கிழிந்துவிடும்போல அழுத்தி 'நா. வினோஜ்' என்று கையெழுத்துப் போட்டான். தான் எடுத்த படத்தின் கீழ் அவன் பெயர் எழுதியது அதுவே முதல் தடவை. 2024 ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை.