முட்டை அட்டையில் அடுக்கிய போர்டுகள்

நான் முன்கோபக்காரி. சங்ககிரிக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் கம்பெனியில் இது எல்லாருக்கும் தெரியும். எல்.இ.டி. பல்புக்குள் உட்காரும் வட்டமான சின்னச் சின்ன போர்டுகளை அங்கே செய்கிறோம். சாலிடர் வைத்து முடித்த போர்டுகளைப் பார்த்து, நல்லதை மட்டும் பேக்கிங்குக்கு விடுவது என் வேலை.

போர்டுகள் தெர்மாகோல் தட்டில்தான் போய்க்கொண்டிருந்தன. பல்பு கம்பெனியிலிருந்து அந்தத் தட்டுகள் உடைந்து திரும்பி வரும். உடைந்ததை எந்தப் பழைய சாமான்காரரும் எடுக்க மாட்டார். சில நாள் சாயங்காலம் பின்பக்கக் குழியில் போட்டுக் கொளுத்துவார்கள். அங்கிருந்து இரண்டு சோளக்காடு தள்ளி எங்கள் வீடு. என் கணவர் பல வருடம் விசைத்தறியில் பஞ்சுத் தூசியைக் குடித்தவர். கறுப்புப் புகை வந்தால் போதும், இழுப்பு வந்துவிடும். அவர் மூச்சுக்குத் திணறுவதைப் பார்க்கும்போது, புகையைக் கிளப்பும் இடத்திலேயே நான் சம்பளம் வாங்குகிறேனே என்று என் மேலேயே ஆத்திரம் வரும்.

ஒருநாள் சமையல்கட்டில் முட்டை அட்டை காலியாகக் கிடந்தது. கைப்பையிலிருந்த பழுதான போர்டு ஒன்றை எடுத்து அதன் குழியில் வைத்துப் பார்த்தேன். அளவெடுத்தது போல உட்கார்ந்தது. பழைய காகிதத்தை அரைத்துச் செய்கிற அட்டை. மண்ணில் போட்டால் மக்கிப்போகும். கொளுத்த வேண்டியதில்லை. மறுநாள் முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"ஏம்மா, நம்ம போர்டெல்லாம் முட்டையில இருந்தா வருது?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. விடாமல் பேசினேன். கடைசியில், "செரி, ஒரு லோடு பாக்கலாங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா பழையபடி தெர்மாகோல்தான். அப்பறம் இதப்பத்தி எங்கிட்டப் பேசக் கூடாது" என்றார்.

நாமக்கல்லிலிருந்து லாரியில் புது அட்டைகள் வந்தன. இறக்கும்போதே கிருமி மருந்து வாடை அடித்தது. எங்கள் பக்கத்தில் அந்த வாடை அடிக்காத லாரி ஏது? கோழிப்பண்ணைக்குப் போய்வருகிற எல்லா வண்டியும் அப்படித்தான். சுத்தமான சரக்கு என்றுதான் நினைத்தேன். போர்டுகளை அடுக்கச் சொன்னேன்.

குழியில் நெருப்பு இல்லாமல் பத்து நாள் போனது. வீட்டில் அவர் மாத்திரையைத் தேடவில்லை. எனக்கென்னவோ உள்ளுக்குள் பயமாகவே இருந்தது. சும்மா சும்மா அட்டையைத் தூக்கிப் பார்த்தபடியே இருந்தேன். அனுப்ப வேண்டியதற்கு முந்தின நாள் மத்தியானம், அடியில் இருந்த அட்டையை உருவினேன். போர்டின் சாலிடர் ஓரத்தில் செம்பு அரித்துப் பச்சையாகப் பூத்திருந்தது. அடுத்ததிலும் அப்படியே. அட்டையை மோந்து பார்த்தேன், அதே மருந்து வாடை.

லாரி டிரைவருக்குப் போன் போட்டேன்.

"புது அட்டதான் சாமி. வர்ற வழியில ஒரு பண்ணையில பாதி லோடு எறக்குனேன். கேட்டுல மருந்து அடிச்சாங்க."

"அட்டைக்குமாங்க?"

"பின்ன? பண்ணைக்குள்ள எது போனாலும் அடிச்சுத்தான உடுவாங்க. கோழிக்குச் சீக்கு வந்துருமில்ல."

அவர் மேல் என்ன தப்பு? மூக்குக்கு நேராக வாடை வந்தும் வாங்கி அடுக்கியவள் நான்.

போர்டுகளை ஒவ்வொன்றாகச் சோதனை மேஜையில் வைத்தேன். எல்லாமே பளிச்சென்று எரிந்தன. துடைத்து அனுப்பிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் நாளையிலிருந்து தெர்மாகோல், குழி, புகை, அவருடைய இழுப்பு. கணவருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "உனக்கு எது செரின்னு படுதோ செய்யி புள்ள" என்று வைத்துவிட்டார். அது வேறு எரிச்சல்.

அந்தப் பச்சை வளரும். மூன்று மாதமோ நாலு மாதமோ, யார் வீட்டிலோ பல்பு அணைந்துபோகும். அணைந்த பல்பை யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? பிளாஸ்டிக், செம்பு, சாலிடர் எல்லாம் சேர்ந்து குப்பைமேட்டுக்குப் போகும். தெர்மாகோலைத் தவிர்க்கிறேன் என்று கிளம்பி, ஒரு லோடு பல்பையே குப்பையாக்கவா? எழுந்து முதலாளி அறைக்குப் போனேன்.

அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். திட்டவில்லை. ஸ்டோர்காரரைக் கூப்பிட்டு, லோடை நிறுத்தவும் தெர்மாகோல் தட்டு வரவழைக்கவும் சொன்னார்.

"அட்டை மேல தப்பில்லீங்ணா. எந்தப் பண்ணைக்கும் போகாம நேரா வந்தா ஒண்ணும் ஆகாதுங்க" என்று கத்தியேவிட்டேன்.

"மொதல்லயே சொன்னனில்லீங்களா?" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். கணவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டனுங்க."

"நல்லது."

அவர் கோபித்துக்கொண்டிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டு அழுதிருப்பேன். அவர் உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டார்.

"என்னிக்கு என்னிக்குக் கொளுத்துவாங்கன்னு மட்டும் கேட்டு வெச்சுக்க புள்ள. அன்னிக்கு நான் எங்கக்கா ஊட்டுக்குப் போயிக்கறேன்."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.